குறிலா, நெடிலா

ஓடையின் அக்கரையிலிருந்து நியோகாபி கத்தினாள். வெள்ளத்தின் இரைச்சலில் அவள் சொன்னதன் வால் மட்டுமே கோமளாவுக்குக் கேட்டது. ‘குவா’ என்றாளா, ‘கூவா’ என்றாளா? கென்யாவில் குடியேறிய நாளிலிருந்து வேலிக்கு மேலாக அவளுக்குக் கிக்கூயு மொழி சொல்லித்தரும் பக்கத்து வீட்டுக்காரி நியோகாபி. குறிலாகச் சொன்னால் செத்துப்போவது. நெடிலாக இழுத்தால் தூக்கிச் சுமப்பது. கோமளா அதை மாற்றிச் சொல்லி, இருவரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்திலிருந்து மகளைக் கூட்டிவர அக்கரைக்குப் போன கணவன் பரிதி இன்னும் திரும்பவில்லை. சுமப்பது என்றால், அவன் மகளைத் தூக்கிக்கொண்டு வருகிறான். செத்தது என்றால், யார்? அவன், அவள் என்ற பேதம் அந்த மொழியின் வினைச்சொல்லில் கிடையாது. கேட்க வாயைத் திறந்தாள். கற்றதில் ஒரு சொல்லும் வரவில்லை.

“ஐயோ, யாருக்கு என்னாச்சு? புரியிற மாதிரி சொல்லுக்கா!” என்று தமிழில்தான் அலறினாள்.

நியோகாபிக்குப் புரிந்துவிட்டது போலிருந்தது. தண்ணீரின் விளிம்புவரை இறங்கிவந்தாள். இரு கைகளையும் வாயருகே குவித்து, மூச்சை நன்றாக உள்ளிழுத்தாள். அவ்வளவு மூச்சு நெடிலுக்குத்தான் வேண்டும் என்று கோமளா நினைத்தாள். ஆனாலும் அவள் கைகள் காதுகளை இறுகப் பொத்திக்கொண்டன.