நடு நைந்த விரிப்பு

மழை பிடித்துக்கொண்ட பிற்பகல். தன் ஒற்றை அறையில் விளக்கைப் போடாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஓய்வுபெற்ற நர்ஸ் படுக்கை விரிப்பைத் தைத்துக்கொண்டிருக்கிறாள். நடுவில் நைந்துபோனதை இரண்டாகக் கிழித்து, நல்ல ஓரங்களை நடுவுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறாள். இன்னும் ஐந்து வருடம் தாங்கும். முப்பத்துநான்கு வருடம் மணிச்சத்தம் கேட்டு ஓடியவளுக்கு, யாரும் கூப்பிடாத இந்த மூன்று வருடம்தான் வாழ்ந்ததாகக் கணக்கு. தன் வீட்டோடு கூட்டிப்போக வந்திருக்கும் மகள், சொட்டும் குடையைக் கையில் பிடித்தபடியே நிற்கிறாள். "இருட்டுல உக்காந்து கிழிசல் தைக்கணும்னு உனக்கென்னம்மா தலையெழுத்து?" "எனக்கு ஒரு குறையும் இல்லடி. நிஜமாவே நல்லா இருக்கேன்." "எனக்காகச் சொல்லாத. உன்னை இப்படி விட்டுட்டு அங்க எனக்குச் சோறு இறங்கமாட்டேங்குது." மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்முகிறாள். எத்தனையோ பேர் அழுததைப் பக்கத்தில் நின்று பார்த்தவளுக்கு, இவள் அழுவது மட்டும் தாங்கவில்லை. "சரி, வரேன். அழாத." மகளின் முகம் அந்தக் கணமே தெளிகிறது. "நாளைக்கே கிளம்பலாமாம்மா?" "இது முடியட்டும்" என்று அம்மா குனிந்துகொள்கிறாள். அதுவரை விரல் அகலத்துக்கு ஒன்றாக ஓடிய தையல், இப்போது எள்ளளவு இடைவெளியில் நெருங்கி நெருங்கி விழுகிறது.