மூன்றாவது மியூசியத்தில் ஓர் இருமல்

இன்றைக்கு இது மூன்றாவது மியூசியம். கண்ணாடிக் கூரை வழியே மாலை வெளிச்சம் இறங்குகிறது. உலகமே தேடி வந்து பார்க்கும் ஓவியத்துக்கு நேர் எதிரே, பெஞ்சில் சாய்ந்து மாப்பிள்ளை குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் மாமனார் முதுகு வளையாமல் நிற்கிறார்; கையிலுள்ள வரைபடம்தான் கசங்குகிறது. "உன் வீட்டுக்காரரை எழுப்பும்மா, மானம் போகுது" என்கிறார் மகளிடம். "ஒரே நாள்ல மூணையும் பாத்தே ஆகணும்னு இழுத்துட்டு வந்தது நீங்கதானேப்பா? நீங்களே எழுப்புங்க." மாப்பிள்ளையைத் தட்டி எழுப்புவதா? அவர்கள் குடும்பத்தில் ஏழு தலைமுறைக்கும் அந்த வழக்கம் கிடையாது. நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். அடுத்த குறட்டை கிளம்பும்போது மாமனார் அதை அமுக்கும்படி பலமாக இருமுகிறார். அதற்கடுத்ததற்கும் இருமுகிறார். இப்போது எல்லாரும் அவரைத்தான் முறைக்கிறார்கள். முறைக்கட்டும், கிழவன் இருமினால் குடும்பத்துக்கு இழுக்கில்லை. மகள் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்புகிறாள். மூலையில் நின்ற காவலாளிப் பெண் காலணி கீச்சிட நடந்து வந்து, பரிவோடு ஓர் இருமல் மிட்டாயை நீட்டுகிறாள். மறுக்க வழியில்லாமல் மாமனார் அதை வாங்கி வாயில் போட்டுக்கொள்கிறார். இருமல் நின்றுவிட்டதா என்று அவள் எதிரிலேயே நின்று பார்க்கிறாள். பெஞ்சிலிருந்து அடுத்த குறட்டை மெல்லக் கிளம்புகிறது.