கமிஷன் மிச்சம்

"கத்தியைக் காட்டிப் பணம் கேட்டா என்னடி பண்ணுவே?" என்று அண்ணன் ஒருமுறை அவளைக் கேட்டான்.

"உன்னைக் கைகாட்டிட்டு ஓடிருவேன்" என்று சிரித்தாள்.

இன்று அதே அண்ணன் வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்காகக் கிடந்தான். கட்ட வேண்டிய பணத்தை எடுக்க அவள் அந்த ஊர் ஏ.டி.எம்.முக்கு வந்தாள். புருஷன் லாட்ஜிலேயே தங்கிவிட்டதால் துணைக்கு ஆளில்லை. கார்டைச் செருகியதும், பின்னாலேயே நுழைந்த முகமூடிக்காரன் ஒருவன் கழுத்தில் கத்தியை வைத்தான்.

"ஐயா, எங்கண்ணன் உயிர்க்காசுய்யா, விட்ருங்க!"

பாஷை புரியாதவன் போல அவள் தலையைப் பிடித்து மெஷினில் மோதினான். உதடு கிழிந்து பொத்தான்கள் மேல் ரத்தம் சொட்டியது. ரகசிய எண்ணையும் தொகையையும் அடித்தாள்.

'உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிட்டுக் கழிக்கவா?' என்று திரை கேட்டது. 'ஆமாம்' என்றால் கணக்கிலிருந்து கூடுதலாகக் கமிஷன் போகும்; கைக்கு வரும் நோட்டில் ஒன்றும் குறையாது. இருந்த பயத்தில் அவள் விரல் 'ஆமாம்' பக்கம் போனது.

விரலே முறிகிற மாதிரி ஓர் அடி விழுந்தது. முகமூடிக்காரன் அவசர அவசரமாக 'வேண்டாம்' என்பதை அமுக்கினான்.

அவளுக்கு வலி மறந்துபோனது. யார் கணக்கில் கமிஷன் போனால் கொள்ளைக்காரனுக்கு என்ன? அது அவளும் புருஷனும் சேர்ந்து வைத்திருக்கும் கணக்கு.

"ஏங்க," என்றாள் மெதுவாக, "கமிஷனை மிச்சம் பிடிச்சுட்டீங்க. எங்கண்ணன் உயிரு?"

கத்தி அவள் கழுத்தை விட்டு இறங்கியது. பிறகு அவன் நோட்டுக்கட்டை உருவிக்கொண்டு வெளியேறினான்.