உங்களுக்கு ஒத்துவராது

டைப்பிஸ்ட் நீட்டிய விண்ணப்பத்தில் வயது நாற்பத்தாறு என்றிருந்தது. பல்கலைக்கழக ஆன்லைன் பிரிவின் ஆலோசகர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆன்லைன் படிப்புன்னா லேசுப்பட்டது இல்ல சார். மணி அடிக்காது, வாத்தியார் விரட்ட மாட்டாரு. நாமளேதான் உக்காந்து படிக்கணும். முடியுமா?"

"முடியும்னு நெனக்கிறேன்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. முதல் அசைன்மென்ட் வந்ததும் ஆளையே காணோம். நீங்க பகல் பூரா டைப் அடிக்கிறவரு. வீட்டுக்குப் போயும் எழுத முடியுமா?"

"பழகிடுச்சு."

"கடைசியில ப்ராஜெக்ட் வேற. எண்பது பக்கம், சொந்தமா எழுதணும்."

டைப்பிஸ்ட் தலையாட்டினார்.

ஆலோசகர் விண்ணப்பத்தைத் திருப்பித் தள்ளினார். "தப்பா எடுத்துக்காதீங்க. இது உங்களுக்கு ஒத்துவராது. வேலை பார்த்துக்கிட்டே இதே படிப்பை முடிச்சவன் நான். எனக்கே நாக்கு தள்ளிடுச்சு."

பின்சுவரைக் காட்டினார். கண்ணாடிச் சட்டத்துக்குள் பட்டச் சான்றிதழ்.

டைப்பிஸ்ட் எழுந்துபோய் அதிலிருந்த பெயரை இரண்டு முறை படித்தார். மூன்று வருஷம் ஒவ்வொரு அசைன்மென்ட்டின் தலையிலும் அந்தப் பெயரை அடித்து, கீழே பதிலையும் எழுதியது இவர்தான். எண்பது பக்க ப்ராஜெக்டும் இவர் எழுதியதுதான். எல்லாம் கூலி கொடுத்து எழுதி வாங்கும் ஏஜென்ட் மூலமாகப் போனதால் ஆளைப் பார்த்ததில்லை.

கோபம் வருமென்று கொஞ்ச நேரம் நின்றார். வரவில்லை.

"முதல் வகுப்பா சார்?"

"ஆமா. ஏன் கேக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. ரிசல்ட் என்னாச்சுன்னு ஏஜென்ட் கடைசிவரைக்கும் எங்கிட்ட சொல்லவே இல்ல."