கூடுதல் விவரம்

யுத்தம் வந்தாலும் வந்தது, ரேஷன் கார்டுக்காக வீடு வீடாகப் பெயர் எழுதுவதே குமாஸ்தா வடிவேலுவின் பிழைப்பாகிவிட்டது. இன்று சாந்தோமில் வில்லியம் வாத்தியார் வீடு.

"நான், சம்சாரம், ரெண்டு பசங்க. சமையல்காரி ஆரோக்கியமேரியையும் சேர்க்கலாமா சார்?"

"தாராளமா. ஒரே அடுப்புல சாப்பிட்டா குடும்பம், அவ்வளவுதான். சமையல்காரிங்கறது கூடுதல் விவரம்." ஐந்து பேரையும் எழுதி, கடைசிப் பெயருக்குப் பக்கத்தில் 'சமையல்காரி' என்றும் குறித்துக்கொண்டார்.

திரும்பும்போது கிணற்றடியில் ஒரு கிழவி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீதானே ஆரோக்கியமேரி? உனக்கும் அரிசி உண்டு. இங்க எத்தனை வருஷமா வேலை?"

"வேலையா? வில்லியமு நான் பெத்த புள்ள, நைனா!"

வடிவேலு அவசரமாக நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார்.

கிழவி நோட்டை எட்டிப் பார்த்தாள். "எனக்குப் படிக்கத் தெரியாது. என் பேருக்குப் பக்கத்துல இன்னா எழுதிக்கீறே?"

"ஒண்ணுமில்லம்மா... கூடுதல் விவரம்."

அவசரமாக நோட்டை மூடினார்.