விளக்குப் பெட்டியின் முன்னால்

மேசைமேல் படுத்திருந்தவரிடம் பெயர் கேட்கக் கமாண்டருக்கு நாக்கு எழவில்லை.

ஆனால் கேட்டுத்தான் ஆக வேண்டும். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன், பெயரையும் உடம்பில் எங்கே என்ன அறுவை என்பதையும் நோயாளியின் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும் என்பது அந்த ஆபரேஷன் தியேட்டரின் சட்டம். சட்டத்தைப் போட்ட பெரிய டாக்டர்தான் இப்போது மொட்டைத் தலையோடு மேசைமேல் படுத்திருந்தார்.

கமாண்டர் என்பது தியேட்டரின் தலைமை நர்ஸுக்குப் பயிற்சி டாக்டர்கள் வைத்த பெயர். முகக்கவசத்துக்கு மேலே அவர் புருவம் ஒரு தரம் உயர்ந்தால் போதும், எப்பேர்ப்பட்ட டாக்டரும் திரும்பிப் போய் இன்னொரு முறை கை கழுவிவிட்டு வருவார். அவரே அன்று எங்கோ பார்த்துக்கொண்டுதான் பெயரைக் கேட்டார்.

பெரிய டாக்டர் வகுப்பில் எழுந்து நிற்கும் பிள்ளையைப் போலத் தன் பெயரைச் சொன்னார். முன்னால் டாக்டர் என்று சேர்த்துக்கொள்ளவில்லை. தலையில் இடது பக்கம் கட்டி, அதை எடுக்கப் போகிறார்கள் என்றார்.

கட்டி உட்கார்ந்திருந்த இடம் பொல்லாத இடம். வலது கையை ஆட்டிவைக்கும் பகுதியை ஒட்டியே வளர்ந்திருந்தது. கத்தி மயிரிழை பிசகினால் உயிர் தங்கும், கை தங்காது. எத்தனையோ பேருடைய தலையைத் திறந்து பிழைக்க வைத்த கை அது.

வெளியே எங்காவது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று எல்லோரும் தலைபாடாக அடித்துக்கொண்டார்கள். அவர் கேட்கவில்லை. நம்ம தம்பியே பார்க்கட்டும் என்றுவிட்டார்.

தம்பி என்று அவர் சொன்னது தனக்கு அடுத்தபடியாக இருந்த சின்ன டாக்டரை.

சின்ன டாக்டர் அப்போது எல்லோருக்கும் முதுகைக் காட்டியபடி சுவரோரம் நின்றிருந்தார். எதிரே, ஸ்கேன் படங்களை மாட்டிப் பார்க்கும் விளக்குப் பெட்டியில் பெரிய டாக்டரின் தலைப் படங்கள் வெளிச்சமாகத் தெரிந்தன. எங்கே திறப்பது, எந்த ரத்தக் குழாயை எப்போது கட்டுவது என்று வரிசையாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அது அந்தத் தியேட்டரின் பழக்கம். பெரிய டாக்டரிடமிருந்து வந்தது.

ஒவ்வொரு அறுவைக்கு முன்னும் அவர் கழுவிய கைகளை எதிலும் படாமல் நெஞ்சுக்கு நேரே கோத்துக்கொண்டு அந்தப் பெட்டியின் முன் போய் நிற்பார். முகக்கவசத்துக்குள் உதடுகள் அசையும். செய்யப்போகும் வேலையை முதலிலிருந்து கடைசிவரை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறார் என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள். பயிற்சிக்கு வந்தவர்களும் அப்படியே நின்று ஒப்பிக்கப் பழகினார்கள். அதற்குச் சுவர்ப் பாடம் என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள்.

சில நாள் அவசரத்தில் கமாண்டர் படத்தை மாட்ட மறந்துவிடுவார். பெரிய டாக்டர் ஒன்றும் சொல்லாமல் வெறும் வெள்ளை வெளிச்சத்தின் முன்னாலேயே நிற்பார். படம்கூட வேண்டாம், மனுஷனுக்கு அத்தனையும் தலைக்குள்ளேயே இருக்கிறது என்று கமாண்டர் வீட்டில் போய் வாய் ஓயாமல் பெருமை பேசுவார்.

பாடத்தை முடித்துச் சின்ன டாக்டர் மேசைக்கு வந்தார். கோத்திருந்த கைகள் நடுங்கின. பச்சை அங்கியின் கை நுனிவரை அந்த நடுக்கம் தெரிந்தது.

கமாண்டர் சட்டென்று குறுக்கே வந்து மறைத்துக்கொண்டார். பிரயோஜனமில்லை. பெரிய டாக்டர் பார்த்துவிட்டார்.

இனி அவ்வளவுதான், ஒன்று அறுவையை நிறுத்தச் சொல்வார், இல்லையென்றால் படுத்துக்கொண்டே பாடம் நடத்துவார் என்று கமாண்டர் நினைத்தார். சும்மா இருக்கிற ஆளா அவர்?

பெரிய டாக்டரோ, மேசையோடு சேர்த்துப் பட்டை கட்டக் கையை நீட்டினார். முகத்தில் மயக்கக் குழாயின் மூடியை வைக்க வந்தபோது, தானே மோவாயைத் தூக்கிக் கொடுத்தார். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வழக்கம்போலப் பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார்.

"அதுக்குப் பதிலா, அந்தச் சுவர்கிட்ட எப்பவும் சொல்றதையே சொல்லிக்கிறேம்மா."

சின்ன டாக்டர் பாய்ந்து கிட்டே வந்து குனிந்தார். கமாண்டரும் காதைத் தீட்டிக்கொண்டார். இத்தனை வருஷமாக யாருக்கும் கேட்காத பாடம். இந்த ஒரு தலைக்கு வேண்டிய சூட்சுமம் அதில்தான் இருக்க வேண்டும்.

மருந்து உள்ளே இறங்கத் தொடங்கியது. பெரிய டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இயேசப்பா, என்னை மாதிரியே தம்பிக்கும் ஒண்ணும் தெரியாது. அவர் கையையும் பிடிச்சுக்கோங்க."

ஆமென் சொல்வதற்குள் தூங்கிப்போனார். பஸ்ஸில் அப்பாவின் தோளில் சாய்ந்து, இறங்கும் இடத்தைப் பற்றிய கவலையே இல்லாமல் தூங்கும் பிள்ளையின் முகம் அவருக்கு வந்திருந்தது.



கமாண்டரின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அத்தனை அறுவைக்கும் இதையா சொல்லிக்கொண்டிருந்தார்? இவ்வளவு கெட்டிக்கார மனுஷன் இவ்வளவு சின்னப் பிள்ளையாகவா இருந்தார்? அவரை இதுவரை மதித்ததெல்லாம் போதவே போதாது என்று கமாண்டருக்குத் தோன்றியது.

சின்ன டாக்டர் திரும்ப விளக்குப் பெட்டியின் முன்னால் போய் நின்றார். நின்றவர், படங்களைக் கொஞ்ச நேரம் கழற்றிவிடச் சொன்னார்.

கமாண்டர் ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

கழற்றிவிட்டு, அந்த வெறும் வெளிச்சத்தின் முன்னால் அவரும் ஓரமாக நின்றுகொண்டார்.