அத்தானின் ஷிஃப்ட்

“தள்ளிப் போங்க அத்தான். நீங்க கை வெச்சா நல்லா எரியற உலைக்கும் இருமல் வந்துடும்.”

ஷிஃப்ட் மாறுகிற நேரம். கண்ட்ரோல் ரூமில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

அத்தான் கையிலிருந்த கம்பியைத் தொப்பென்று கீழே போட்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போய் ஏசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

புதிதாக வந்திருந்த இன்ஜினியருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

“யாரு அப்படிப் பேசின ஆளு?” என்று ஃபோர்மேனைக் கேட்டாள்.

“கண்ணாடி உலைக்கு காலை ஷிஃப்ட் ஆபரேட்டர் மேடம். மத்தியான ஷிஃப்ட் அவனோட அக்கா வீட்டுக்காரர். அவரைத்தான் தினம் இப்படி வார்றான்.”

“வயசுல பெரியவரையா?”

“பொண்ணு கொடுத்த வீட்டுக்காரன் இப்படிப் பேசி நானும் எங்கேயும் பார்த்ததில்ல.”

சரி, அது குடும்ப விஷயம். அவளுக்கு வேறு தலைவலி இருந்தது.

உலையின் புகைபோக்கி வழியாகப் போகிற கார்பன் மோனாக்சைடைக் குறைக்கச் சொல்லித்தான் அவளை வேலைக்கு எடுத்திருந்தார்கள். காற்று சரியாகச் சேராமல் எரிந்தால் வருகிற விஷவாயு அது. கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. மீட்டருக்கு மட்டும் தெரியும். அளவு மீறினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் உலையை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். நிறுத்தினால் உள்ளே உருகிக் கிடக்கும் கண்ணாடி அப்படியே உறைந்து, அவ்வளவு பெரிய உலையும் ஒரு பேப்பர் வெயிட் ஆகிவிடும்.

மீட்டரின் கிராஃபைத் திரையில் போட்டுப் பார்த்தாள்.

மைத்துனனின் ஷிஃப்ட்டில் மலை மலையாக ஏறி இறங்கியது. அத்தானின் ஷிஃப்ட்டில், சாப்பிட்டுப் படுத்தவன் மூச்சு மாதிரி, ஆடாமல் அசையாமல் போனது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையும் தெரியாது, வாயும் அடங்காது.

அந்த வாரமே அத்தானுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். “இவ்வளவு குறைவா வெச்சிருக்கீங்களே, ரகசியம் என்ன?” என்று கேட்டாள்.

“ரகசியமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. நான் எதையும் தொடறதே இல்ல” என்றார் அத்தான்.

என்ன அடக்கம் என்று எல்லோரும் கை தட்டினார்கள்.

மைத்துனனைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டாள்.

“சரிங்க மேடம். ஆனா பர்னர் விஷயம் ஒண்ணு...”

“இதுவரைக்கும் பேசினதே போதும்.”

காலை ஷிஃப்ட்டில் ஃபோர்மேனே உட்கார்ந்தார். இரண்டு நாள் நன்றாகத்தான் போனது. மூன்றாம் நாள் அத்தானின் ஷிஃப்ட்டில் மீட்டர் ஏற ஆரம்பித்தது. ஏறியது இறங்கவே இல்லை.

“பர்னர் வாயெல்லாம் கரி அடைச்சிருக்கு மேடம்” என்றார் ஃபோர்மேன். “என் பங்கு பாதியைத் துடைச்சிட்டேன். மீதிப் பாதி மத்தியான ஷிஃப்ட் வேலை.”

“என் வேலையா?” அத்தான் நிஜமாகவே திகைத்தார். “நான் வர்றப்பவே எல்லாம் பளபளன்னு இருக்குமே.”

இன்ஜினியர் பழைய கிராஃபை மறுபடி எடுத்துப் பார்த்தாள். பர்னரைக் கழற்றித் துடைக்கிற நேரத்தில் வாயு ஏறும். துடைத்து மாட்டினால் இறங்கிவிடும். அப்படியென்றால் அந்த மலையெல்லாம் மைத்துனன் தன் பங்கோடு அத்தான் பங்கையும் சேர்த்துத் துடைத்தது. கேடயம் வாங்கினது மட்டும்தான் அத்தான்.

இதற்குள் அத்தானுக்கு ரோஷம் வந்துவிட்டது. “என் பாதிதானே? நானே துடைக்கறேன்” என்று கம்பியை எடுத்துக்கொண்டு உலையைப் பார்க்க நடந்தார்.

யார் போய்ச் சொன்னார்களோ. சட்டையில் ஒட்டிய பேக்கிங் டேப் வால் மாதிரி பறக்க மைத்துனன் ஓடி வந்தான்.

“அத்தான், கம்பியைக் கீழ போடுங்க. பல்லு விளக்கவே எங்கக்கா பின்னாடி நின்னு சொல்லணும். நீங்க பர்னர் விளக்கப் போறீங்களா?”

பாட்டில் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் வரைக்கும் சிரித்துவிட்டார்கள்.

அத்தான் கம்பியை வீசி எறிந்தார். “இனிமே இந்த உலைப் பக்கம் திரும்பினா என்னை ஏன்னு கேளுடா” என்று விருட்டென்று கண்ட்ரோல் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இன்ஜினியர் மைத்துனனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“உங்களை மாத்தினது என் தப்பு. நாளையிலேருந்து உலைக்கே வந்துடுங்க. ஆனா அதுக்கு முன்னாடி உள்ள போய் அவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க.”

“அது மட்டும் முடியாது மேடம்.”

“எல்லார் முன்னாடியும் அவரை அவமானப்படுத்தியிருக்கீங்க. கேட்கலைன்னா வேலையை விட்டே அனுப்ப வேண்டியிருக்கும்.”

“அனுப்புங்க மேடம். கேட்க மாட்டேன்.”

“அப்படி என்னய்யா வீம்பு உங்களுக்கு?”

அவன் சாத்தியிருந்த கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“அவருக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆயிருக்கு மேடம். உலைச் சூட்டுக்கிட்டப் போகவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிப் பார்த்தார், அக்கா அழுது பார்த்தா, அவர் அசையல. கோவம் வந்தாத்தான் தள்ளிப் போறார். இப்பப் போய் நான் மன்னிப்புக் கேட்டா, சமாதானமாயிடுவார் மேடம்.”